வளரும் பிள்ளையும் வளராத உத்தரவும்

(குடும்பச் சட்டம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதுபோன்ற மேடைகளில் அரசமைப்புச் சட்டம், அடிப்படை உரிமை என்று பெரிய பொருள்களை எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்னப் பொருள். விவாகரத்து முடிந்துவிட்டது, பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது, மாதம் எவ்வளவு கொடுப்பது என்று உத்தரவும் ஆகிவிட்டது. அந்த உத்தரவைப் பிறகு மாற்ற முடியுமா, எப்போது முடியும், எப்படி முடியும்? சட்டப் புத்தகத்தில் இதற்கு நாலைந்து வரிகள்தான். ஆனால் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்களில் பலர் அந்த நாலைந்து வரிகளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. கணவன் மனைவி என்ற உறவு தீர்ப்போடு முடிகிறது. அப்பா, அம்மா என்ற உறவு முடிவதில்லை. மூன்று வயதுக் குழந்தையை மனதில் வைத்து எழுதிய உத்தரவு, அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போதும் எழுத்து மாறாமல் கிடக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இரண்டே செய்திகள். ஒன்று: பிள்ளை பற்றிய எந்த உத்தரவும் இறுதி உத்தரவு அல்ல. இரண்டு: அதை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. முதலாவதை அறியாதவர்கள் பொருந்தாத உத்தரவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டாவதை அறியாதவர்கள் தாமே உத்தரவைத் திருத்திக்கொண்டு, பின்னால் பிடிவாரண்டோடு எங்களிடம் ஓடி வருகிறார்கள்.

சென்னையிலிருந்து டெல்லி போன வழக்கு

முதல் செய்திக்கு அடிப்படையான தீர்ப்பு நம் ஊரிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. சட்ட மாணவர்கள் ரோசி ஜேக்கப் வழக்கு என்று படித்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் கிறிஸ்தவத் தம்பதிக்கு இடையே நடந்த பிரிவு வழக்கு. மூன்று பிள்ளைகள். மூத்தவன் தகப்பனிடம், மற்ற இருவரும் தாயிடம் என்று உத்தரவு. அதோடு முடியவில்லை. மனு, மேல்முறையீடு, மறுபடி மனு என்று போய், 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அதன் சாரம் இது: பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் தம் இயல்பிலேயே தற்காலிகமானவை. அன்றைய சூழ்நிலையை வைத்துப் போடப்படுபவை. சூழ்நிலை மாறினால், ஏன், காலம் கடந்தாலே கூட, பிள்ளையின் நலன் கேட்டால் மாற்றலாம். இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட உத்தரவுக்கும் இது பொருந்தும். மியூச்சுவலில் விவாகரத்து வாங்கியவர்கள், “நாங்களே ஒப்புக்கொண்டு எழுதியது சார், அதை எப்படி மாற்றுவது?” என்று இன்றும் கேட்கிறார்கள். பதில் 1973லேயே சொல்லியாகிவிட்டது.

எழுத்துச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி அவ்வப்போது உத்தரவு போடவும், போட்டதை ரத்து செய்யவும், நிறுத்தி வைக்கவும், மாற்றவும் இடம் தருகிறது. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது. எல்லா மதத்தவருக்கும் பொதுவாக 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இருக்கிறது.

கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, வாரம் ஒரு மனு போடலாம் என்று பொருள் இல்லை. 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், பையன் பிறந்தது முதல் தாயிடமே வளர்ந்தவன். வயது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தகப்பனிடம் வசதி இருந்தது. அமெரிக்காவில் படிக்க வைக்கிறேன் என்றார். கீழ் நீதிமன்றங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. முந்தைய உத்தரவை மாற்றக் கணிசமான மாற்றம் ஏதாவது நடந்திருக்க வேண்டும். பணவசதி மட்டும் போதாது. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை வேரோடு பிடுங்கக் கூடாது என்றது.

மனு எழுத உட்காரும் இளம் வழக்கறிஞர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று கதவைத் திறக்கிறது. மற்றொன்று, வந்த காரணத்தைக் கேட்கிறது.

என்ன மாறினால் மாற்றம்?

எதிர்த்தரப்பின் குணத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதி, பிள்ளையைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “எதிர்மனுதாரர் மறுமணம் செய்துகொண்டார்” என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். மறுமணம் மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாது. தாய் மறுமணம் செய்தார் என்பதற்காக அவரிடமிருந்து பிள்ளையை எடுக்க முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

என் கட்சிக்காரர் ஒருவரின் மகள், அப்போது எட்டாம் வகுப்பு. அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது போட்ட உத்தரவு: ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் ஒரு மணி வரை நீதிமன்ற வளாகத்தில் தகப்பன் பார்க்கலாம். சில மாதங்களாகப் பெண் வர மறுத்தாள். தாய் சொல்லிக்கொடுத்துக் கெடுக்கிறார் என்று தகப்பன் மனுப் போட்டார். தகப்பன் மேல் பிள்ளைக்குப் பாசமே இல்லை, சந்திப்பையே ரத்து செய்யுங்கள் என்று தாய் எதிர்மனுப் போட்டார். இரண்டு பக்கமும் கட்டுக் கட்டாக வாட்ஸாப் அச்சுப்படிகள்.

நீதிபதி அம்மா சிறுமியைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு அவள் சொன்னதைச் சொன்னார்: “சனிக்கிழமை எனக்கு மேட்ச் இருக்கு மேடம். இங்கே சுத்தி எல்லாம் குட்டிப் பசங்க, பொம்மை வச்சு விளையாடுறாங்க. அங்கே உக்கார எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அப்பா வேணும்னா மேட்ச் பாக்க வரட்டுமே.” அன்றே உத்தரவு மாறியது. சனிக்கிழமை காலையில் மகளை பேட்மின்டன் பயிற்சிக்கு அழைத்துப் போவது தகப்பனின் பொறுப்பு. இரண்டு மனுக்களும் முடிந்தன. பெற்றோர் இருவரும் ஒருவரில் ஒருவர் குற்றம் தேடியதில், மாறியிருந்தது பிள்ளையின் வயது என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அறிவோடு விருப்பம் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1890லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் பிள்ளையின் சொல்லையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரிடமே வளரும் பிள்ளை மற்றவரை வெறுக்கும்படி பழக்கப்படலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் விரிவாகப் பேசியிருக்கிறது. கேட்க வேண்டும், கேட்டதை எடை போடவும் வேண்டும். அதற்குத்தான் கவுன்சலர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பெரிய மாற்றம் இடமாற்றம். பெங்களூரில் வேலை, சிங்கப்பூரில் வேலை என்று பிள்ளையை வைத்திருப்பவர் கிளம்பும்போது வாராந்திரச் சந்திப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே மனுப் போட்டு, வாரச் சந்திப்புக்குப் பதிலாக விடுமுறையில் நீண்ட நாள்கள், இடையில் வீடியோ அழைப்பு என்று மாற்றிக் கேட்க வேண்டும். நேரில் பார்க்க முடியாதவருக்கு வீடியோ அழைப்பு மூலமாகவாவது தொடர்பு வேண்டும் என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறுவது வேறு கதை. பிள்ளைகளை நாடு கடத்திச் செல்வது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அப்படிப் போன பிள்ளையை மீட்பதும், வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவதும் ஒவ்வொரு வழக்கிலும் தனித் தனிப் போராட்டமாகிறது.

பணம்

பணத்துக்கு வருவோம். பிள்ளை எல்.கே.ஜி.யில் இருந்தபோது மாதம் 8,000 ரூபாய் என்று உத்தரவு. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே 8,000 ரூபாய்ச் சரக்கை வாங்க 14,300 ரூபாய்க்கு மேல் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கட்டணமும் டியூஷனும் எல்.கே.ஜி. கட்டணத்தின் அதே சரக்கு அல்ல என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் கேட்டால் பேராசை என்கிறார்கள். உண்மையில், கேட்காமல் விட்ட ஒவ்வோர் ஆண்டும் தொகை தானாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 127ஆம் பிரிவுகள் என்று சொன்னோமே, அவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, 146ஆம் பிரிவுகள். 144 ஜீவனாம்சம் கேட்க. 146 அதைக் கூட்டவோ குறைக்கவோ. சூழ்நிலை மாறியது என்று நிரூபித்தால் போதும். இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் இதே வழி உண்டு. ஒரு நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை மாற்ற இன்னொரு நீதிமன்றத்தில் புது வழக்குப் போடக் கூடாது. உத்தரவு போட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு நெறிப்படுத்தியது.

அந்தத் தீர்ப்பின் பெரிய கொடை, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அதற்கு முன்பு, சொந்தத் தொழில் செய்பவர் “மாதம் பத்தாயிரம்தான் வருகிறது” என்று கூசாமல் சொல்வார். இப்போது வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் பேசுகின்றன. உணவு, உடை, வீடு, மருத்துவம், படிப்பு மட்டுமல்ல, நியாயமான அளவில் தனிப்பயிற்சி வகுப்பும் பிள்ளையின் செலவில் அடங்கும் என்றும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் படிப்புச் செலவை வருமானத்துக்கு ஏற்பப் பகிரலாம் என்றும் அது சொல்கிறது.

கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் 16,000 ரூபாயை 23,000 ஆக உயர்த்தியது. கணவர் மறுமணம் செய்து, அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தையும் இருப்பதைக் கருதி 2017இல் உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது. உண்மையாகவே வேலை போனவர், நோயில் விழுந்தவர், ஆதாரத்தோடு வந்தால் நீதிமன்றம் கேட்கும். ஜீவனாம்சத்துக்குப் பயந்து வேலையை விட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்பது 2022லும் உறுதியான நிலை.

இங்கேதான் இரண்டாவது செய்தி. வேலை போனது பிப்ரவரியில். மனுப் போட்டது டிசம்பரில். இடைப்பட்ட மாதங்களில், “எப்படியும் குறைப்பார்கள்” என்று பாதித் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருப்பார். நீதிமன்றம் மாற்றும்வரை பழைய உத்தரவே நடப்பு. கட்டாத மீதி நிலுவையாகச் சேரும். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறை போய் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. சிறை வசூலுக்கான வழியே தவிர வரவு அல்ல என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெறுபவருக்கும் ஓர் எச்சரிக்கை: வாரண்டு கேட்கும் மனுவை நிலுவை விழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். பாவம் பார்த்துத் தள்ளிப்போட்டால் அந்த வழி அடைபடும்.

பணத்துக்குப் பதில் பிள்ளை, பிள்ளைக்குப் பதில் பணம்

எங்கள் தொழிலில் அன்றாடம் காதில் விழும் இரண்டு வசனங்கள். “பிள்ளையைக் காட்ட மாட்டேங்கிறா, நான் எதுக்குப் பணம் கட்டணும்?” “பணம் கட்ட மாட்டேங்கிறாரு, நான் எதுக்குப் பிள்ளையைக் காட்டணும்?” இரண்டையும் சொல்பவர்கள் தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலாக இதை நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. தாய், தகப்பன் இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை. ஒன்றை மீறியதற்கு மற்றொன்றை நிறுத்துவது, இரண்டு கடன்களையும் பிள்ளையிடமிருந்தே வசூலிப்பதாகும். சந்திப்பு மறுக்கப்பட்டால் அதை நிறைவேற்ற மனுப் போடுங்கள்; தொகை வரவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போடுங்கள். ஒன்றின் கணக்கில் மற்றொன்றைக் கழிக்க எந்த நீதிமன்றமும் ஒப்பாது.

இதே தவறு சமாதானமான விவாகரத்திலும் நடக்கிறது. “ஒரே தடவை இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி எனக்கோ பிள்ளைக்கோ எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதி வாங்குகிறார்கள். பெரியவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவர் யார்? அந்த வரி பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. இஸ்லாமியத் தம்பதியரின் விவாகரத்திலும், விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை இரண்டு வயதோடு நிறுத்த முடியாது, வயது வரும்வரை உண்டு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

முதல் உத்தரவிலேயே இடம் விடுவது

மாற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மாற்ற வேண்டிய தேவையே குறையும்படி முதல் உத்தரவை எழுத முடியாதா? பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரர் பாவாடை விளிம்பில் நாலு விரல் துணியை உள்மடித்துத் தைக்கிறார்; அடுத்த ஆண்டு பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுதும் நாம் அந்த அளவுக்காவது யோசிக்க வேண்டாமா?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவியின் ஜீவனாம்சத்தை மாதம் 50,000 ரூபாயாக உயர்த்தி, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு கூட வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியது. பிள்ளைக்கான ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியை நாமே எழுதினால் பத்தாண்டில் இரண்டு மனுக்கள் மிச்சம். சந்திப்பையும் படிப்படியாக எழுதலாம். ஐந்து வயது வரை பகலில் சில மணி நேரம். பிறகு இரவு தங்கல். பள்ளி மேல்வகுப்பில் விடுமுறையில் பாதி. பொங்கல் ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து, மருத்துவக் காப்பீடு, பள்ளி மாற்றம் ஆகியவற்றில் யாரைக் கேட்பது. கருத்து வேறுபட்டால் மனுவுக்கு முன் சமரச மையத்தில் ஓர் அமர்வு.

கட்டாயம் எழுத வேண்டிய இன்னொன்று, கல்லூரி. பொறுப்பு பற்றிய உத்தரவு பதினெட்டு வயதில் தானாகக் காலாவதியாகிவிடும். 144ஆம் பிரிவின்படி பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையும், உடல், மனக் குறைபாடு இல்லாதவரை, அத்தோடு நிற்கும். மணமாகாத, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மகளுக்கு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் உரிமை தொடர்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மகனுக்கு அந்த வழியும் இல்லை. பொறியியல் முதலாண்டுக் கட்டணம் கட்டும் மாதத்தில் பையனுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். செலவு உச்சத்துக்குப் போகும் நாளில் சட்டம் கை கழுவுகிறது.

இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் தந்த 257ஆம் அறிக்கையில், கூட்டுப் பொறுப்பை முறைப்படுத்தவும், பிள்ளைக்கான தொகையைத் தேவைப்பட்டால் இருபத்தைந்து வயது வரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரவும் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை. ஆகும்வரை, ஒப்பந்தத்தில் “பட்டப்படிப்பு முடியும்வரை” என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.

மூன்று கோரிக்கைகள்

நீதிமன்றங்களுக்கு: வழக்கு நடக்கும்போது பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்புக்காக இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் போடும் மனுவை நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து முடிந்தவரை அறுபது நாளில் முடிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உத்தரவை மாற்றக் கேட்கும் மனுவுக்கும் அந்த வேகம் வேண்டும். ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்காகப் போட்ட மனுவை அடுத்த மார்ச்சில் அனுமதிப்பதும் தள்ளுபடி செய்வதும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

பெற்றோருக்கு: காலம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் வாருங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இருவரும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது. ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல் கூட்டு மனுவாகப் போட்டு உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். இன்று நல்லபடியாகப் பேசுபவர் நாளை பேசாமல் போகலாம்.

என் சக வழக்கறிஞர்களுக்கு: உத்தரவை மாற்ற வேண்டும் என்று கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “பிள்ளைக்கு என்ன மாறியிருக்கிறது?” பள்ளி, உடம்பு, ஊர், செலவு, நட்பு, பயம் என்று அவர் பதில் சொன்னால் மனுவை அன்றே எழுதுங்கள். “அவள்”, “அவர்” என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஒரு வாய்தாக் கட்டணம் போகும், போகட்டும்.